போலீஸ் கூப்பிட்டால், கூட்டம் போட்டால், கைது செய்தால்: டெல்டா மாவட்டங்களுக்கான குடிமை உரிமைக் கேள்வி பதில்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் விவசாயச் சங்கங்களும், கிராமத்து இளைஞர்களும், கூலித் தொழிலாளர் குடும்பங்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பி.என்.எஸ்.எஸ்., இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பி.என்.எஸ். நடப்பில் இருக்கின்றன. கீழே வரும் பிரிவு எண்கள் புதியவை. தேவைப்படும் இடத்தில் பழைய எண்ணும் உண்டு, ஏனென்றால் ஸ்டேஷனில் இன்னும் பழைய எண்ணில்தான் பேசுகிறார்கள்.

நெருக்கடி நிலை எதுவும் அறிவிக்கவில்லையே, எதற்கு இந்தக் கவலை?

பயம் வருவதற்கு அறிவிப்பு தேவையில்லை. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து வந்தார்கள். அப்போது தஞ்சை கலெக்டராக இருந்த தார்ன், அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்கும் தங்க இடம் கொடுக்கிறவர்களுக்கும் தண்டனை என்று எச்சரித்தார். சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டு ஊர்க்காரர்கள் அந்த உத்தரவைத் தாண்டினார்கள். அந்த முறை இன்றும் மாறவில்லை. போராடுகிறவரைத் தொடுவதற்கு முன்பே பந்தல்காரருக்கும், மைக் செட்காரருக்கும், வேன் ஓட்டுபவருக்கும், மண்டப உரிமையாளருக்கும் போன் போகிறது. உரிமை பறிபோவது பெரும்பாலும் இந்தப் போன்களில்தான். அதற்குத் தடயம் இருக்காது. அதனால் கீழே எந்தக் கேள்விக்கும் எங்கள் பதிலில் ஒரே விஷயம் திரும்பி வரும்: நடப்பதைக் காகிதத்துக்குக் கொண்டு வாருங்கள்.

அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலையில் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தாலும், தமிழ்நாட்டில் அதன் முழுக் கடுமை தெரிந்தது 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட பிறகுதான். விசாரணை இல்லாமல் அடைத்துவைக்கும் மிசா சட்டத்தில் ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்துக்குப் புறம்பாக அடைக்கப்பட்டவர்கூட ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று சொன்னது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் உடன்படவில்லை. 1978-இல் வந்த 44-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, எந்த நெருக்கடி நிலையிலும் 20, 21 ஆகிய பிரிவுகளை நிறுத்திவைக்க முடியாது. உயிரும் உடல் சுதந்திரமும், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்ற காப்பும் அவற்றில் அடங்கும். 1976 தீர்ப்பையும் உச்ச நீதிமன்றமே 2017-இல் தள்ளிவிட்டது.

‘சும்மா ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க’ என்று போனில் கூப்பிடுகிறார்கள். போக வேண்டுமா?

போனில் கூப்பிட்டதற்காகப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. சட்டத்தில் இரண்டு வகை அழைப்புகள் உண்டு, இரண்டும் எழுத்தில் வர வேண்டும். சாட்சியாக விசாரிக்க 179-ஆவது பிரிவு (பழைய 160). குற்றம் சாட்டப்பட்டவராக விசாரிக்க 35(3) (பழைய 41ஏ). 35(3) நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் சொல்லியிருக்கிறது.

சாட்சி அழைப்பில் பலர் அறியாத விலக்கு ஒன்று இருக்கிறது. பெண்கள், 15 வயதுக்கு உட்பட்டவர்கள், 60 வயது கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயில் இருப்பவர்கள் ஸ்டேஷனுக்கு வரத் தேவையில்லை. போலீஸ்தான் வீட்டுக்கு வந்து விசாரிக்க வேண்டும். மற்றவர்களையும் அந்த ஸ்டேஷன் அல்லது அதை ஒட்டிய ஸ்டேஷன் எல்லைக்குள் வசித்தால் மட்டுமே இப்படி அழைக்க முடியும்.

போனில் இப்படிச் சொல்லுங்கள்: “வரத் தயாராக இருக்கிறேன் சார். எந்த வழக்கு, எந்தப் பிரிவு என்று எழுதி நோட்டீஸ் கொடுங்கள்.” கோபம் வேண்டாம், வாக்குவாதம் வேண்டாம். பேசி முடித்ததும் தேதி, நேரம், வந்த எண், பேசியவர் சொன்ன பெயர், சொன்ன வார்த்தை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுத்தில் நோட்டீஸ் வந்தால் அவசியம் போக வேண்டும். 35(3) நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டு ஆஜராகிக்கொண்டே இருப்பவரை, காரணத்தை எழுதிவைக்காமல் கைது செய்ய முடியாது. போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். தனியாகப் போகாதீர்கள். உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் வாசலில் நிற்பவர் குறித்துக்கொள்ளட்டும்.

விசாரணையில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போடக் கூடாது என்று 181-ஆவது பிரிவே சொல்கிறது. வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் மறுத்துவிடுங்கள். ‘இனிமேல் எந்தப் போராட்டத்திலும் கலந்துகொள்ள மாட்டேன்’ என்று எழுதிக் கொடுக்கச் சொல்வதும் வழக்கமாக நடக்கிறது. அப்படி எழுதித் தரும்படி எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தால், மிரட்டலில் எழுதியது என்பதை எஸ்.பி.க்கு அன்றோ மறுநாளோ ஸ்பீடு போஸ்டில் தெரிவியுங்கள். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி கேட்டால் கடைசி நேரத்தில் மறுத்துவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

கடைசி நேரத்தில் மறுப்பது தற்செயல் அல்ல. ஆர்ப்பாட்டம் திங்கட்கிழமை என்றால் ஞாயிறு இரவு மறுப்பு வரும், கோர்ட்டுக்குப் போக நேரம் இருக்காது. இதற்கு மாற்று, மனுவைக் குறைந்தது பத்து நாள் முன்பே கொடுப்பதுதான்.

மனுவில் இடம், தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், எதிர்பார்க்கும் ஆட்கள், ஒலிபெருக்கி விவரம், பொறுப்பாளர்கள் இருவரின் பெயரும் செல் எண்ணும் இருக்கட்டும். கோரிக்கையை இரண்டு வரியில் எழுதினால் போதும். ஆட்கள் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லாதீர்கள், மறுப்பதற்கு அதுவே சாக்காகும். நான்கு நகல் எடுங்கள். ஒன்று இன்ஸ்பெக்டருக்கு, ஒன்று டி.எஸ்.பி.க்கு, ஒன்று எஸ்.பி. அலுவலகத்துக்கு. நான்காவதில் தேதி முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் வாசலிலிருந்து நேரே தபால் நிலையம் போய் ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். ஐந்து நாளில் பதில் வராவிட்டால் ஒரு நினைவூட்டல், பிறகு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. முத்திரை பட்ட அந்த நகலோ தபால் ஒப்புகையோ இல்லாமல் ரிட் நிற்காது.

‘30(2) அமலில் இருக்கிறது’ (போலீஸ் சட்டத்தில் கூட்டம், ஊர்வலத்தைக் கட்டுப்படுத்தும் பிரிவு), ‘144 போட்டிருக்கிறது’ (தடை உத்தரவு) என்று வாயால் சொன்னால், உத்தரவின் நகலைக் கேளுங்கள். 144 இப்போது 163-ஆவது பிரிவு. அந்த உத்தரவு எழுத்தில், காரணத்தோடு இருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேல் தானாக நீளாது. கருத்துச் சொல்வதை அடக்குவதற்காக இதைப் பயன்படுத்தக் கூடாது, உத்தரவை வெளியிட்டாக வேண்டும் என்று 2020 ஜனவரி 10 அன்று காஷ்மீர் இணையத் தடை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது டெல்டாவுக்கும் பொருந்தும்.

கிராம சபைக்கு இந்த அனுமதி எதுவும் தேவையில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டம். மக்கள்தொகை 501 முதல் 3000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால் குறைவெண் (கோரம்) பூர்த்தி. எண்ணெய்க் கிணறு, இறால் பண்ணை, மணல் குவாரி எதுவானாலும் தீர்மானத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்து, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு முன் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு வேறொன்றை எழுதும் பழக்கம் சில இடங்களில் உண்டு.

கல்யாண மண்டபத்தில் வைத்துவிட்டுச் சாயங்காலம் விட்டுவிட்டார்கள். இது கைதா? வழக்கு இருக்குமா?

உங்களை வெளியே போகவிடாமல் வைத்திருந்தால் அது காவல்தான், பெயர் எதுவானாலும். பெரும்பாலும் 170 (பழைய 151) அல்லது 172-ஆவது பிரிவின் கீழ் இப்படிச் செய்கிறார்கள். இரண்டிலும் 24 மணி நேரமே எல்லை.

ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. மாலையில் டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், விஷயம் முடிந்தது என்று எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். அன்றே எஃப்.ஐ.ஆர். போட்டிருப்பார்கள். இரண்டு ஆண்டு கழித்து பாஸ்போர்ட் விசாரணையிலோ வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பிலோதான் அது தெரியவரும். ஆகவே மண்டபத்தை விட்டு வெளியே வரும்போதே ‘எஃப்.ஐ.ஆர். எண் என்ன’ என்று கேளுங்கள். சொல்லவில்லை என்றால், தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் மாவட்டம், ஸ்டேஷன், தேதி கொடுத்துத் தேடுங்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி, உணர்வுபூர்வமான வழக்குகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர். எல்லாம் பதிவான 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற வேண்டும். இணைப்பு வசதி சரியில்லாத இடத்தில் அதிகபட்சம் 72 மணி நேரம்.

வழக்கமாக வரும் பி.என்.எஸ். பிரிவுகள் மூன்று: சட்டவிரோதக் கூட்டம் 189(2) (பழைய 143), வழிமறித்தல் 126(2) (பழைய 341), உத்தரவை மீறுதல் 223 (பழைய 188). மூன்றுமே ஜாமீனில் விட வேண்டியவை. ஸ்டேஷனிலேயே ஜாமீன் கேட்பது உங்கள் உரிமை, தயவு அல்ல. இதில் 223-க்கு ஒரு சிறப்பு: உத்தரவிட்ட அதிகாரியே கோர்ட்டில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ள முடியும். போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டு இறுதி அறிக்கை தாக்கல் செய்வது செல்லாது என்று 2018 செப்டம்பரில் ஜீவானந்தம் வழக்கில் மதுரை அமர்வு தீர்ப்பளித்தது. அமைதியாகக் கூடிப் போராடுவது மட்டுமே சட்டவிரோதக் கூட்டம் ஆகாது என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பை வைத்து ஏராளமான போராட்ட வழக்குகள் ரத்தாகியிருக்கின்றன.

பொதுச்சொத்துச் சேதத் தடைச் சட்டம் (1992), அரசு ஊழியரைத் தாக்கியதற்கான 132 (பழைய 353) ஆகியவை சேர்ந்தால் நிலைமை மாறிவிடும். இவற்றில் ஜாமீன் கோர்ட்டில்தான். 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய்க் கசிவை ஒட்டிக் கைதானவர்கள் வாரக்கணக்கில் சிறையில் இருக்க வேண்டியதாயிற்று. ஒரு கல், ஒரு பஸ் கண்ணாடி, ஒரு தள்ளுமுள்ளு போதும். யார் செய்தது என்பது விசாரணை முடியும் வரை தெரியாது. ஆகவே கூட்டத்தில் இரண்டு பேர் கோஷம் போடாமல், தொடக்கம் முதல் முடிவு வரை வெட்டாத வீடியோ மட்டும் எடுக்கட்டும். துண்டு துண்டாக எடுத்த வீடியோ பெரிதாக உதவாது. அந்த இருவரில் ஒருவர் கூட்டத்துக்கு வெளியே, தூரத்தில் நிற்க வேண்டும்.

கைது செய்கிறார்கள். முதல் 24 மணி நேரத்தில் என்னென்ன நடக்க வேண்டும்?

வழக்கின் தலையெழுத்து பெரும்பாலும் இந்த 24 மணி நேரத்தில் எழுதப்படுகிறது.

கைது செய்யும் அதிகாரி தன் பெயர் தெளிவாகத் தெரியும்படி இருக்க வேண்டும். கைது மெமோ எழுத வேண்டும்; அதில் குடும்பத்தவர் அல்லது ஊரில் மதிப்புள்ள ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்; கைதானவரும் கையெழுத்திட வேண்டும் (36-ஆவது பிரிவு). இந்த மெமோவில் இருக்கும் நேரத்தைக் கவனியுங்கள். காலை ஆறு மணிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டு மெமோவில் மாலை ஐந்து மணி என்று எழுதுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற கணக்கு அதிலிருந்து தொடங்கும் என்பதே காரணம். வீட்டார் செய்ய வேண்டியது இதுதான்: ஆளைக் கொண்டுபோன அரை மணிக்குள் எஸ்.பி., கலெக்டர், மாஜிஸ்திரேட் ஆகியோருக்கு நேரத்தைக் குறிப்பிட்டு மின்னஞ்சலோ தந்திபோல ஒரு சிறு செய்தியோ அனுப்புவது. “இன்று காலை 6.10-க்கு, வீட்டிலிருந்து, இந்த எண் ஜீப்பில், இத்தனை பேர் வந்து, இன்னாரை அழைத்துச் சென்றார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சொல்லவில்லை.” நான்கு வரி போதும். பிறகு அந்த மெமோவில் ஐந்து மணி என்று எழுதினாலும் இந்த மின்னஞ்சலின் நேரத்தை யாரும் மாற்ற முடியாது.

கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும் (47). கைதானவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில் தர வேண்டும் என்பதும், உடனே தர முடியாத நிலையில்கூட மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது தர வேண்டும் என்பதும் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் குற்றங்களுக்கும் பொதுவாக்கிய விதி. பிரிவு எண்களை மட்டும் எழுதிய தாள் காரணம் ஆகாது. எந்த நாள், எந்த இடம், நீங்கள் என்ன செய்ததாகச் சொல்கிறார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். வீட்டில் ஒருவருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்வது போலீஸின் கடமை (48). விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம். முழு நேரமும் அவர் கூட இருக்க முடியாது (38).

மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றத்துக்கு, 60 வயது கடந்தவரையோ உடல் நலிந்தவரையோ கைது செய்ய டி.எஸ்.பி.யின் முன் அனுமதி வேண்டும் (35(7)). நம் ஊர் விவசாயச் சங்கங்களில் பாதிப் பேர் இந்த வயதுக்காரர்கள். ஆதார் நகல் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். பெண்களைச் சூரிய அஸ்தமனத்துக்குப் பின்னும் உதயத்துக்கு முன்னும் கைது செய்ய முடியாது. மிக அவசரமான நிலையில் மட்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு, பெண் அதிகாரி செய்யலாம் (43(5)).

மருத்துவப் பரிசோதனை (53) கண்துடைப்பாகவே பல இடங்களில் நடக்கிறது. டாக்டர் கேட்காவிட்டாலும் காயத்தைக் காட்டுங்கள். எங்கே வலி, எதனால், எப்போது என்று சொல்லி, எழுதச் சொல்லுங்கள். போலீஸ்காரர் அறைக்குள் நின்றால், வெளியே நிற்கச் சொல்லும்படி டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைச் சீட்டையும் அப்போதே கொடுத்துவிடுங்கள்.

மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது என்ன பேசுவது?

இது சில நிமிடத்தில் முடிந்துவிடும், பல நேரம் இரவில், சில நேரம் வீட்டு வாசலில். பயத்தில் இருப்பவர் ‘ஒன்றுமில்லை ஐயா’ என்று சொல்லிவிடுகிறார். அந்த ஒரு வார்த்தை ரிமாண்ட் உத்தரவில் ‘புகார் எதுவும் இல்லை’ என்று ஏறிவிடும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் நடந்ததற்குப் பிறகு, இந்தச் சில நிமிடம் எவ்வளவு முக்கியம் என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

நான்கு விஷயம் சொல்லுங்கள்: உண்மையில் எத்தனை மணிக்கு, எங்கே பிடித்தார்கள். அடித்தார்களா, எங்கே அடித்தார்கள். காரணம் எழுத்தில் கொடுத்தார்களா. வக்கீல் இருக்கிறாரா, இல்லையென்றால் இலவச வக்கீல் வேண்டும். அடித்தவர்கள் பக்கத்திலேயே நிற்கும்போது இதைச் சொல்வது எளிதல்ல என்பது எங்களுக்குத் தெரியும். ‘போலீஸை வெளியே நிற்கச் சொல்லுங்கள் ஐயா, உங்களிடம் தனியாகப் பேச வேண்டும்’ என்று முதல் வாக்கியமாகக் கேட்டுவிடுங்கள்.

ரிமாண்டுக்குப் பிறகு ஒரு தேதியை வீட்டுக் காலண்டரில் வட்டமிடுங்கள். குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உங்கள் உரிமை (187(3)). கேட்டால்தான் கிடைக்கும். 60 நாள் கெடு என்றால் 61-ஆம் நாள், 90 என்றால் 91-ஆம் நாள் காலையிலேயே மனுத் தாக்கல் செய்யுங்கள். நீங்கள் கேட்பதற்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். ஊபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டத்தில் இந்தக் கெடு 180 நாள் வரை நீளலாம்.

குண்டாஸ் போட்டுவிடுவேன் என்று மிரட்டுகிறார்கள்.

குண்டாஸ் என்பது தமிழ்நாட்டின் தடுப்புக்காவல் சட்டம், 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டம். மாவட்டங்களில் கலெக்டரும், மாநகரங்களில் கமிஷனரும் உத்தரவிடுகிறார்கள். விசாரணை இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம் என்பதால் இந்தப் பயம் நியாயமானது. ஆனால் படி தவறினால் உத்தரவு விழும். அதனால் ஒவ்வொரு தேதியையும் குறித்து வைக்க வேண்டும்.

ஐந்து நாளுக்குள் காரணங்களையும் ஆவணங்களையும் தர வேண்டும். 12 நாளுக்குள் மாநில அரசு ஒப்புதல் தர வேண்டும். மூன்று வாரத்துக்குள் ஆலோசனைக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். ஏழு வாரத்துக்குள் குழுமம் அறிக்கை தர வேண்டும். குழுமத்தின் முன் வக்கீல் வாதாட முடியாது, ஆனால் வக்கீல் அல்லாத நண்பரோ உறவினரோ உடன் இருக்கக் கேட்கலாம்.

உயர் நீதிமன்றத்தில் இந்த உத்தரவுகள் ரத்தாகும் காரணங்கள் பெரும்பாலும் இவைதான்: கொடுத்த நகல் படிக்க முடியாமல் மங்கியிருப்பது, ஆங்கில ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்புத் தராதது, ஜாமீனில் வெளிவரும் வாய்ப்பு இருந்ததா என்று அதிகாரி யோசிக்காமலே கையெழுத்திட்டது, நம் முறையீட்டைப் பல நாள் பார்க்காமல் கிடப்பில் போட்டது. எனவே முறையீட்டைச் சீக்கிரம் கொடுங்கள், கலெக்டருக்கு ஒன்று, உள்துறைச் செயலருக்கு ஒன்று. அது இல்லாவிட்டால் ‘காலதாமதம்’ என்ற வலுவான வாதமே கையில் இருக்காது. சிறையில் தந்த ஆவணக் கட்டில் எந்தெந்தப் பக்கம் படிக்க முடியவில்லை என்று பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். சாதாரணச் சட்டம் போதுமான இடத்தில் தடுப்புக்காவல் கூடாது என்று 2011-இல் தமிழ்நாட்டு வழக்கான ரேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் வக்கீலிடம் நினைவூட்டுங்கள். 2017-இல் துண்டறிக்கை கொடுத்த ஒரு மாணவி மீது போட்ட குண்டாஸை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

எந்தக் கோர்ட் என்பதில் டெல்டாவில் அடிக்கடி ஒரு நாள் வீணாகிறது. தஞ்சாவூர் மாவட்டம் மதுரை அமர்வுக்குக் கீழ் வரும். கும்பகோணமும் பட்டுக்கோட்டையும் அதில் அடக்கம். திருச்சியும் புதுக்கோட்டையும் அப்படியே. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் சென்னைக்குப் போக வேண்டும். மன்னார்குடிக்காரர் சென்னைக்கும், பக்கத்திலிருக்கும் ஒரத்தநாட்டுக்காரர் மதுரைக்கும் போக வேண்டும். சம்பவம் எந்த மாவட்டம் என்பதை முதலில் பார்த்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து ‘107’ நோட்டீஸ் வந்திருக்கிறது.

இப்போது பி.என்.எஸ்.எஸ். 126 (மேலே வந்த வழிமறித்தல் 126(2) பி.என்.எஸ்.-இல் உள்ளது, அது வேறு). அமைதி காப்பதாகப் பிணைப்பத்திரம் கேட்கும் நடவடிக்கை, ஓராண்டு வரை கட்டுப்படுத்தும். தேர்தல், திருவிழா, தலைவர் வருகைக்கு முன் கொத்தாகப் போடுவார்கள். உங்களைப் பற்றி என்ன தகவல் வந்தது என்ற சாரம் 130-ஆவது பிரிவின்படி எழுத்தில் இருக்க வேண்டும். அது இல்லாமல் வெறும் அச்சடித்த படிவம் வந்தால் அதையே முதல் ஆட்சேபமாக எழுதிக் கொடுங்கள். ‘கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, ஒண்ணும் இல்ல’ என்பதை நம்பாதீர்கள். பத்திரம் எழுதிய பிறகு இன்னொரு வழக்கு வந்தால் பத்திரத்தை மீறியதாகச் சிறைக்குப் போகும் ஆபத்து உண்டு.

செல்போனைக் கேட்கிறார்கள், பாஸ்வேர்டையும் கேட்கிறார்கள்.

போனைப் பறிமுதல் செய்தால் மகஜர் (பறிமுதல் விவரப் பதிவு) எழுத வேண்டும். மாடல், ஐ.எம்.இ.ஐ. எண், சிம் எண், போன் அணைந்திருந்ததா, எந்த நேரம் எடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் வேண்டும். சோதனையையும் பறிமுதலையும் வீடியோவில் பதிவு செய்து மாஜிஸ்திரேட்டுக்கோ கலெக்டருக்கோ அனுப்ப வேண்டும் என்பது 105-ஆவது பிரிவில் வந்த புதிய கட்டாயம். ‘வீடியோ எடுக்கிறீர்களா’ என்று அமைதியாகக் கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் அதை மகஜரில் உங்கள் கையெழுத்துக்கு மேல் எழுதுங்கள்.

பாஸ்வேர்டு சொல்லக் கோர்ட் உத்தரவு கேளுங்கள். 20(3)-ஆவது அரசியல் சட்டப் பிரிவின் காப்பு இதற்கு எவ்வளவு தூரம் நீளும் என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை, அதனால் வக்கீலிடம் பேசும் வரை சொல்ல வேண்டாம். கைரேகை, முகம் காட்டித் திறக்கும் வசதியை, கூட்டத்துக்குக் கிளம்பும் முன்பே நிறுத்திவிட்டு ஆறு இலக்க எண் வையுங்கள். உறங்கும்போது விரலைப் பிடித்துத் திறக்க முடியும். எண்ணை அப்படி எடுக்க முடியாது.

வாட்ஸ்அப்பில் ஒரு பதிவைப் பகிர்ந்தேன். என்ன வழக்கு வரலாம்?

அரசைக் கண்டித்து எழுதுவது குற்றமல்ல. தேசத்துரோகப் பிரிவை (124ஏ) 2022 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. புதிய சட்டத்தில் 152 என்ற பிரிவு வந்திருக்கிறது, ஆனால் அரசு நடவடிக்கையை ஏற்காமல் விமர்சிப்பது அதில் சேராது என்று அந்தப் பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பழைய 66ஏ 2015 மார்ச்சிலேயே செல்லாததாகிவிட்டது; இன்னும் அதில் வழக்குப் போட்டால் உடனே ரத்தாகும். மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனையுள்ள பேச்சுக் குற்றங்களில் எஃப்.ஐ.ஆர். போடும் முன், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்வதே முறை என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கூறியது. மற்றவர் போட்ட பதிவுக்காக, அட்மினாக இருப்பது ஒன்றே குற்றமாகாது என்று மதுரை அமர்வு 2021-இல் சொன்னது.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: சாதி, மதத்தின் பெயரால் ஒரு கூட்டத்தைத் தூண்டிவிடும் பதிவு. அதை உரிமை காக்காது. நாங்களும் காக்கச் சொல்ல மாட்டோம். கலவரம், சாவு பற்றிய உறுதியாகாத தகவலையும் அனுப்பாதீர்கள். பதிவை அழித்துவிட்டால் தப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள், தடயத்தை அழித்ததாகக் கூடுதல் குற்றச்சாட்டு வரும்.

பிடிபட்டவர் எங்கள் சாதி இல்லை, எங்கள் கட்சி இல்லை. நாங்கள் ஏன் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டும்?

மேலே சொன்ன படிகள் எல்லாம் ஓரிடத்தில் தளர்ந்தால் எல்லோருக்கும் தளர்ந்துவிடும். மெமோவில் நேரம் மாற்றி எழுதுவது முதலில் கேட்க ஆள் இல்லாதவரிடம்தான் பழகப்படுகிறது: தலித் தெரு இளைஞர், வெளிமாநிலக் கூலிக்காரர், ஊரே வெறுக்கும் ஒருவர். பழகிய கை பிறகு சங்கத் தலைவரிடமும் அதையே செய்யும். 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரைப் பலிகொடுத்த கீழ்வெண்மணி இருக்கும் மண்ணில், யாருக்காக யார் பேசுவது என்ற கேள்விக்கு விலை என்ன என்பது தெரியும். அவருடைய கருத்தை நீங்கள் ஆதரிக்கத் தேவையில்லை. கைது நேரத்தைக் குறித்து ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும்.

போட்ட வழக்கு முடியவே இல்லை. பாஸ்போர்ட், வேலை?

ஓராண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் ஓராண்டுக்குள் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள வேண்டும் (514). 189(2), 126(2) இரண்டும் இந்தக் கெடுவுக்குள் வரும். கெடு தாண்டியிருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரத்து மனுப் போடலாம், ஊரில் பத்துப் பேர் பெயர் இருந்தால் சேர்ந்தே போடலாம். குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போகாமல் வெறும் எஃப்.ஐ.ஆர். இருப்பது பாஸ்போர்ட்டை மறுக்கக் காரணமாகாது. ஆனால் விண்ணப்பத்தில் கேட்டால் மறைக்காதீர்கள். அரசு வேலையில், குறிப்பாகக் காவல்துறை வேலையில், மறைத்ததற்காகவே தள்ளிவிடுவார்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை.

பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானக் கணக்கே பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் தாலுகா நீதிமன்றங்களிலும் சட்டப்பணிகள் குழு அலுவலகம் இருக்கிறது. அடித்திருந்தால் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் எழுத வேண்டும்.

ஸ்டேஷன் கேமராப் பதிவை மட்டும் அதுவரை காத்திருந்து கேட்காதீர்கள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு, பதிவை ஓராண்டுக்குக் குறையாமல் வைத்திருக்கச் சொல்கிறது. நடைமுறையில் ‘கேமரா பழுது’ என்ற பதில் சீக்கிரமே வந்துவிடும். நாள், நேரம், வாசல், வரவேற்பு மேசை, லாக்கப் என்று இடத்தைப் பிரித்துச் சொல்லி, பதிவைப் பத்திரப்படுத்தும்படி முதல் வாரத்திலேயே எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் மனுக் கொடுங்கள். மனுவின் ஒரு நகலில் அலுவலக முத்திரை வாங்கி, வீட்டில் இல்லாத ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.